பழைய லேப்டாப் மக்கர் செய்தால்: கறுப்புத் திரையில் சில கட்டளைகள்

நம் மளிகைக் கடைகளில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் இருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் அது புதியதாக இருப்பதில்லை. பிள்ளைகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியதாக இருக்கும். அல்லது செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்குக் கிடைத்ததாக இருக்கும். சரக்கு இருப்பு, கொள்முதல் பில், வாடிக்கையாளர் கடன் பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு என அனைத்தும் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. வியாபாரம் சூடு பிடிக்கும் மாலை நேரத்தில் அந்த லேப்டாப் நகராமல் நின்றுவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

அவசரத்தில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவார். அவரும் பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார். மறுநாள் லேப்டாப் நன்றாக ஓடும். ஆனால் மூன்று வருடப் பேரேடு அதில் இருக்காது. பழைய லேப்டாப்பின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். அதற்குள் இருக்கும் கடன் பாக்கிக் கணக்கோ லட்சக்கணக்கில் இருக்கலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே, கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் கடைக்காரரே ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. இதற்குத் தனியாக எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் உள்ள எல்லா லேப்டாப்பிலும் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்ற கறுப்புத் திரை இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

கறுப்புத் திரை என்பது என்ன?

1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் தனது பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதை இயக்க மைக்ரோசாஃப்ட் தந்தது 'டாஸ்' என்னும் இயக்க முறை. அதில் படங்களோ மவுஸோ கிடையாது. கட்டளையை எழுத்தில் தட்டி என்டர் விசையை அழுத்தினால் வேலை நடக்கும். 1990-களில் கடைக்கு கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். பின்னர் விண்டோஸ் வந்து படங்களும் ஜன்னல்களும் பெருகிவிட்டன. ஆனாலும் கட்டளை தட்டும் வழியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிடவில்லை. கோளாறு பார்ப்பதற்கு அதுவே நேர்வழி என்பதால் இன்றைய விண்டோஸிலும் அது இருக்கிறது.

திறக்கும் முறை இதுதான். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, 'சி', 'எம்', 'டி' என்ற மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். 'கமாண்ட்' என்ற சொல்லின் சுருக்கமே அது. கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற பெயர் தோன்றியதும் அதன்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்படித் திறந்தால்தான் கீழே சொல்லும் கட்டளைகளில் பல வேலை செய்யும். இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று மறுத்துவிடும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தருகிறோம். சுருக்கமான கட்டளைகளுக்கு விரிவையும் சொல்கிறோம். சாய்கோடு (/) வரும் இடத்தில் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட வேண்டும். எழுத்து பிசகினால் 'இப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற பொருளில் பதில் வரும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. மறுபடி சரியாகத் தட்டினால் போதும்.

முதல் வேலை: கணக்கை வெளியே எடுத்தல்

சோதனை எதுவானாலும் அதற்கு முன்பு கணக்குக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். உங்கள் பில்லிங் மென்பொருளில் 'பேக்கப்' வசதி இருந்தால் அதையே பயன்படுத்தி ஒரு பென் டிரைவில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த மென்பொருளே திறக்கவில்லை என்றால், அதன் கணக்குக் கோப்புகள் உள்ள ஃபோல்டரை அப்படியே நகல் எடுக்க வேண்டும். அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை மென்பொருள் விற்றவரிடம் இன்றே கேட்டு, கடை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுக்க 'ரோபோகாப்பி' என்ற கட்டளை உதவும். விண்டோஸ் விஸ்டா முதல் இது விண்டோஸுடனேயே வருகிறது. கணக்கு டி டிரைவில் 'டேட்டா' என்ற ஃபோல்டரிலும், பென் டிரைவ் இ என்ற எழுத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது தட்ட வேண்டியது: 'ரோபோகாப்பி டி:\டேட்டா இ:\டேட்டா /இ /ஆர்:1 /டபிள்யூ:1'. இதில் 'இ' என்பது உள்ளே இருக்கும் எல்லாத் துணை ஃபோல்டர்களையும் சேர்த்து எடுக்கச் சொல்வது. கடைசி இரண்டும் முக்கியமானவை. ஒரு கோப்பைப் படிக்க முடியாமல் போனால், இந்தக் கட்டளை வழக்கமாக 30 வினாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை திரும்பத் திரும்ப முயலும். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கில் அது ஒரே கோப்போடு மாரடித்துக்கொண்டு நின்றுவிடும். ஒரே ஒரு முறை, ஒரு வினாடி கழித்து முயன்றால் போதும் என்று சொல்லவே அந்த இரண்டு '1'. இதனால் மற்ற நல்ல கோப்புகள் தப்பிவிடும். நகல் எடுக்கும் நேரத்தில் பில்லிங் மென்பொருள் மூடியிருக்க வேண்டும்.

லேப்டாப் முழுதாகக் கிளம்பவே மறுக்கிறது என்றாலும் மனம் தளர வேண்டாம். விண்டோஸ் 10 உள்ள லேப்டாப் அடுத்தடுத்து இரண்டு முறை கிளம்பத் தவறினால், பெரும்பாலும் மூன்றாம் முறை பழுது பார்க்கும் திரைக்குத் தானாகவே வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' ஆகியவற்றுக்குள் சென்றால் கமாண்ட் ப்ராம்ப்ட் இருக்கும். விண்டோஸ் 7 என்றால், லேப்டாப்பைப் போட்டவுடன் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் அந்த வழி திறக்கும்.

அங்கே ஒரு சுலபமான உபாயம் உண்டு. 'நோட்பேட்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். சிறிய எழுதுபலகை திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' என்று போனால் லேப்டாப்பில் உள்ள டிரைவ்கள் எல்லாம் தெரியும். கீழே கோப்பு வகை என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாக் கோப்புகளும் கண்ணில் படும். கணக்கு ஃபோல்டரின்மேல் வலப் பொத்தானை அழுத்திக் 'காப்பி' செய்து, பென் டிரைவில் 'பேஸ்ட்' செய்துவிடலாம். இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்று தெரிந்தால் திகைக்க வேண்டாம். டிஸ்க் 'பிட்லாக்கர்' பூட்டில் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வீட்டில் வைத்திருப்பவரே பிழைத்தார்.

டிஸ்கின் நாடி பார்த்தல்

கணக்கு வெளியே வந்துவிட்டதா? இனி நிதானமாகச் சோதிக்கலாம். பழைய லேப்டாப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹார்டு டிஸ்கை. அது சுழலும் தட்டுகள் கொண்ட இயந்திரம், வயதானால் தேயும்.

முதல் கட்டளை: 'டபிள்யூஎம்ஐசி டிஸ்க்டிரைவ் கெட் ஸ்டேட்டஸ்'. பதில் 'ஓகே' என்று வரலாம். 'ப்ரெட் ஃபெயில்' என்று வந்தால், டிஸ்க் விரைவில் நின்றுவிடும் என்று அதுவே முன்னறிவிப்பு தருவதாகப் பொருள். அப்படியானால் மற்ற சோதனைகளை விட்டுவிட்டு டிஸ்கை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். 'ஓகே' என்று வந்தாலும் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கும் டிஸ்கும் உண்டு. புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் இந்தக் கட்டளை நீக்கப்பட்டு வருகிறது. பழைய லேப்டாப்களில் வேலை செய்யும்.

இரண்டாவது கட்டளை 'செக் டிஸ்க்'. தட்டும்போது 'செக்' என்பதில் சி, எச், கே என்ற மூன்றெழுத்து. 'டிஸ்க்' என்பதில் டி, எஸ், கே என்ற மூன்றெழுத்து. ஆக ஆறெழுத்து, இடைவெளி கிடையாது. டாஸ் காலத்திலிருந்தே வரும் கட்டளை இது. வெறுமனே தட்டினால் பார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது. பின்னால் '/எஃப்' சேர்த்தால் பிழைகளைத் திருத்தும். '/ஆர்' சேர்த்தால் டிஸ்கின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்த்து, கெட்ட பகுதிகளை ஒதுக்கி வைக்கும். விண்டோஸ் உள்ள சி டிரைவைச் சோதிக்கச் சொன்னால், 'இப்போது முடியாது, அடுத்த முறை கிளம்பும்போது செய்யட்டுமா?' என்று கேட்கும். 'ஒய்' தட்டி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

'/ஆர்' சோதனை பல மணி நேரம் ஓடலாம். ஆகவே காலையில் கடை திறக்கும் நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். இரவு கடை அடைத்த பிறகு, சார்ஜரைச் செருகிவிட்டு ஓட விடுங்கள். நலிந்த டிஸ்குக்கு இது கடுமையான வேலை. சோதனையின் நடுவிலேயே டிஸ்க் முழுவதுமாகப் படுத்துவிடுவதும் உண்டு. நகல் எடுக்காமல் இதில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே வற்புறுத்தியதற்கு இதுவே காரணம்.

முடிவில் வரும் அறிக்கையில் 'பேட் செக்டார்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நல்லது. வேறு எண் இருந்தால் டிஸ்கின் ஒரு பகுதி கெட்டுவிட்டது என்று அர்த்தம். அழுகிய வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டபின் மீதி மூட்டையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்போம் அல்லவா? இதுவும் அப்படித்தான். புதிய டிஸ்க் போடும்போது, சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. வகையாகப் போட்டால் பழைய லேப்டாப்பும் கண்கூடாக வேகம் பெறும்.

விண்டோஸ் கோப்புகள் சிதைந்திருந்தால்

டிஸ்க் நன்றாக இருந்தும், மின்சாரம் போய்ப் போய் வந்ததால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருக்கலாம். அதற்கான கட்டளை 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. 'சிஸ்டம் ஃபைல் செக்கர்' என்பதன் முதலெழுத்துகளே எஸ்எஃப்சி. மூன்று வகையான பதில் வரும். குறை இல்லை என்பது ஒன்று. குறை கண்டு சரி செய்தேன் என்பது இரண்டாவது. கண்டேன், ஆனால் சிலவற்றைச் சரி செய்ய முடியவில்லை என்பது மூன்றாவது.

மூன்றாவது பதில் வந்தால், விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புகளில் 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்' என்று தட்டுங்கள். மாற்றுக் கோப்புகளை மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கிக்கொள்ளும் என்பதால் இன்டர்நெட் தேவை. இது முடிந்ததும் எஸ்எஃப்சி கட்டளையை மீண்டும் ஒருமுறை ஓட்ட வேண்டும். இந்தக் கட்டளைகள் எதுவும் உங்கள் கணக்குக் கோப்புகளைத் தொடாது.

இன்டர்நெட்டா, பிரின்டரா?

இ-வே பில் போட முடியவில்லை, ஜி.எஸ்.டி. தளம் திறக்கவில்லை என்றால் உடனே லேப்டாப்பைக் குறை சொல்லிவிடுகிறோம். நான்கு படிகளில் உண்மையைக் கண்டுபிடிக்கலாம்.

1. 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், மோடத்திலிருந்து லேப்டாப்புக்கு முகவரியே கிடைக்கவில்லை. கேபிள், வைஃபை, மோடம் மூன்றையும் பாருங்கள்.

2. முகவரி சரியாக இருந்தால், 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, 'பிங்' என்று தட்டி அந்த எண்ணைச் சேருங்கள். அதுதான் உங்கள் மோடத்தின் முகவரி. பதில் வந்தால் லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் இடையில் குறை இல்லை.

3. அடுத்து 'பிங் 8.8.8.8' என்று தட்டுங்கள். இது கூகுள் நிறுவனத்தின் பொது முகவரி. மோடத்திடமிருந்து பதில் வந்து இங்கே வராவிட்டால், கோளாறு பெரும்பாலும் இன்டர்நெட் நிறுவனத்தின் பக்கம். லேப்டாப் மெக்கானிக்குக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இணைப்பு கொடுத்தவரிடம் புகார் செய்யுங்கள்.

4. எண்ணுக்குப் பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில் குறை இருக்கலாம். 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்று தட்டினால் பழைய பதிவுகள் நீங்கும். எல்லாத் தளமும் திறந்து ஒன்று மட்டும் திறக்காவிட்டால் குறை அந்தத் தளத்தில்தான்.

பில் பிரின்டர் சிக்கிக்கொண்டு, அனுப்பிய பில் எல்லாம் வரிசையில் நின்றால், 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' என்று தட்டி என்டர். பிறகு 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்' என்று தட்டி என்டர். அச்சிடும் வரிசையைக் கவனிக்கும் பிரிவை நிறுத்தி மறுபடி கிளப்புவதுதான் இது. பல சமயங்களில் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யாமலேயே பிரின்டர் ஓடத் தொடங்கிவிடும்.

பேட்டரியும் வயதும்

மின்சாரம் போன நொடியே லேப்டாப்பும் அணைகிறதா? பாதி எழுதிய கணக்கு கெடுவதற்கு அது பெரிய காரணம். விண்டோஸ் 8 முதல் 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' என்ற கட்டளை உண்டு. 'பவர்' என்பதை முழுதாகவும், 'கான்ஃபிக்' என்பதில் சி, எஃப், ஜி ஆகிய மூன்றெழுத்தையும் சேர்த்துத் தட்ட வேண்டும். அறிக்கையை ஒரு கோப்பாக எழுதி, அது இருக்கும் இடத்தையும் சொல்லும். அதில் பேட்டரி புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவும், இன்று முழுச் சார்ஜில் நிற்கும் அளவும் இருக்கும். உதாரணமாக முன்னது 48,000, பின்னது 15,000 என்றால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பேட்டரியை மாற்றுங்கள், அல்லது ஒரு யு.பி.எஸ். வையுங்கள்.

'சிஸ்டம்இன்ஃபோ' என்று தட்டினால் லேப்டாப்பின் ஜாதகமே வந்துவிடும். விண்டோஸ் பதிப்பு, நினைவக அளவு, கடைசியாகக் கிளம்பிய நேரம் எல்லாம் தெரியும். பல நாட்களாக அணைக்காமலே ஓடிக்கொண்டிருந்தால், ரீஸ்டார்ட் செய்தாலே பாதி மந்தம் போய்விடும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. ஆதரவு முடிந்த பதிப்பில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைப்பதில்லை. அந்த லேப்டாப்பில் வங்கி வேலைகளைச் செய்யாமல், பில் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தொடக் கூடாத கட்டளைகள்

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. 'ஃபார்மட்', 'டிஸ்க்பார்ட்', 'டெல்' ஆகிய கட்டளைகளை யார் சொன்னாலும் தட்டாதீர்கள். முதலாவது ஒரு டிரைவையே துடைத்துவிடும். இரண்டாவது முழு டிஸ்கையும் காலி செய்ய வல்லது. மூன்றாவது கோப்புகளை அழிக்கும். அவை ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. ரோபோகாப்பியில் '/எம்ஐஆர்' என்று சேர்த்தாலும் ஆபத்துதான். மூல ஃபோல்டரில் இல்லாதவற்றை நகலிலிருந்தும் அது அழித்துவிடும்.

இன்னொரு ஆபத்து தொலைபேசியில் வருகிறது. "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது" என்று ஒருவர் அழைப்பார். கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்வார். 'அசோசியேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஐந்து எழுத்துகளைத் தட்டச் சொல்வார். பட்டியலின் கடைசிப் பகுதியில் 888 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண் இருக்கும். அதை அவரே முன்கூட்டிப் படித்துக் காட்டி, "இது உங்கள் லேப்டாப்பின் ரகசிய எண், எங்களிடம் இருக்கிறது பாருங்கள்" என்பார். உண்மையில் விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் அதே எண்தான். 'நெட்ஸ்டாட்' என்று தட்டச் சொல்லி, அதில் வரும் 'ஃபாரின் அட்ரஸ்' என்ற சொல்லைக் காட்டி, வெளிநாட்டுத் திருடர்கள் நுழைந்துவிட்டார்கள் என்றும் பயமுறுத்துவார். இணைப்பின் மறுமுனை முகவரி என்பதே அதன் பொருள். வெளிநாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த வேஷம் எல்லாம் உங்கள் லேப்டாப்பைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி வாங்கவும், பணம் பறிக்கவும்தான். மைக்ரோசாஃப்ட் யாரையும் தானாக அழைத்து வைரஸ் பார்ப்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

இந்தச் சோதனைகளால் நாம் மெக்கானிக் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் தராசில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது போல, கோளாறு எந்தப் பக்கம் என்று நமக்கே ஒரு தெளிவு கிடைக்கும். சோதித்த தேதி, தட்டிய கட்டளை, வந்த பதில் மூன்றையும் கடை நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் திரையைப் படம் எடுத்து வைத்தாலும் சரி. அதைக் காட்டினால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை குறையும். தேவையில்லாத உதிரிபாகத்தை மாற்றும் செலவும் நமக்கு மிச்சமாகும்.

லேப்டாப்பைக் கொடுக்குமுன், "என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று வாயால் சொல்வதோடு, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். பென் டிரைவ் நகல் ஒன்று கடையிலும், இன்னொன்று வீட்டிலும் இருக்கட்டும். அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, கணக்கு திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ராத்திரி கல்லாவை எண்ணிப் பூட்டிய பிறகுதானே கடையை அடைக்கிறோம்? அன்றைய கணக்கை பென் டிரைவில் ஏற்றுவதையும் அதோடு சேர்த்து ஒரு வழக்கமாக்கிக்கொண்டால், பழைய லேப்டாப் என்றைக்குப் படுத்தாலும் நம் வியாபாரம் படுக்காது.